விண்மீன் பார்க்கும் இரவுக்கு எந்த விளக்கு: சிவப்பா, மங்கிய வெள்ளையா, கைப்பேசியா?

விண்மீன் பார்ப்பதற்கென்றே ஊர் வெளிச்சத்தைத் தாண்டிச் சென்று கூடாரம் அடிப்பவர்கள், எந்த பைனாகுலர், எந்தத் தொலைநோக்கி, எந்தப் படுக்கை என்றெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள்; விளக்கை மட்டும் கிளம்பும் நாளில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அன்றிரவு கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாமல் போகும் என்பதில் தொலைநோக்கிக்கு உள்ள அளவு பங்கு அந்த விளக்குக்கும் உண்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கலைக்க ஒரு வெள்ளை டார்ச் முகத்தில் இரண்டு நொடி பட்டால் போதும். எனவே எதை வாங்குவது, எதை ஒதுக்குவது, ஏற்கெனவே இருப்பதை எப்படித் திருத்திப் பயன்படுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில் 'சிவப்பு விளக்கு' என்பது. அந்தப் பதில் தவறில்லை, ஆனால் முழுமையானதும் இல்லை. விளக்கு எந்த நிறம் என்பதைவிட அதை எவ்வளவு மங்கலாக்க முடியும் என்பதே முதல் கேள்வி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இங்கே ஒப்பிடும் விளக்குகள் அனைத்தையும் அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

கண்ணின் அமைப்பைப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும். விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுகின்றன. ஆனால் அவை வேலை செய்வதற்கு ஓரளவு வெளிச்சம் வேண்டும். சுமார் 12 கோடி குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது, சிறிய எழுத்தைப் பிரித்தறியும் கூர்மையும் கிடையாது. ஆனால் பால்வீதியின் மங்கிய ஓரங்களையும் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் புகைபோன்ற திட்டையும் நமக்குக் காட்டுபவை அவைதான். இருட்டுக்குள் வந்த சில நொடிகளிலேயே கண்பாவை விரிந்துவிடுகிறது; கண் பழகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தைத்தான். 2 மில்லிமீட்டராக இருந்த பாவை 7 மில்லிமீட்டராக விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 12 மடங்குதான் கூடுகிறது. பெரிய மாற்றம் அதன் பிறகு விழித்திரையில் நடக்கிறது. வெளிச்சத்தில் வெளுத்துப்போன ரோடாப்சின் என்னும் நிறமி, குச்சி செல்களுக்குள் மெல்ல மெல்ல மீண்டும் சேர்கிறது. முதல் பத்து நிமிடம் வரை கூம்பு செல்களே முன்னிற்கின்றன. அதற்குப் பிறகே குச்சி செல்கள் அவற்றை முந்துகின்றன. 30 முதல் 40 நிமிடம் கழியும்போது கண்ணின் உணர்திறன் தொடக்க நிலையைவிடப் பல்லாயிரம் மடங்கு உயர்ந்திருக்கும். இடையில் பட்ட வெளிச்சம் எவ்வளவு பலமானதோ, எவ்வளவு நேரம் நீடித்ததோ, அந்த அளவுக்கு இந்த நிலையை மீண்டும் எட்டுவதும் தாமதமாகும்.

இதில் சிவப்பு எங்கே வருகிறது? குச்சி செல்கள் மிகக் கூடுதலாக உணர்வது 507 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளியை. அந்த உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டால், 600 நானோமீட்டரில் அவற்றின் உணர்திறன் 3 அளவுக்கு இறங்குகிறது, 620இல் 1க்கும் கீழே போகிறது, 650இல் 0.1ஐக்கூடத் தொடுவதில்லை. கூம்பு செல்களோ 650 நானோமீட்டரிலும் தங்கள் உச்சத் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை வைத்திருக்கின்றன. ஆகவே ஆழ்ந்த சிவப்பு ஒளியில், குச்சி செல்கள் அதிகம் கலையாதபடி கூம்பு செல்களைக் கொண்டு விண்மீன் வரைபடத்தைப் படித்துவிட முடிகிறது. வானியலுக்கு வெளியிலும் இந்த உத்தி நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. எக்ஸ்ரே திரையின் மங்கிய படத்தைப் பார்க்க வேண்டிய மருத்துவர்கள் அதற்கு முன்பு இருட்டறையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், 1916இல் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் சிவப்புக் கண்ணாடி அணியும் வழியைக் கண்டார். அதை அணிந்துகொண்டு வெளிச்சமான அறையிலேயே கண்ணை இருட்டுக்குத் தயார் செய்ய முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் இரவில் பறக்கவேண்டிய விமானிகளும் புறப்படும் முன் அதே போன்ற கண்ணாடியை அணிந்து காத்திருந்தார்கள்.

ஆனால் நூறில் ஒரு பங்கு என்பது பூஜ்யம் ஆகாது. நூறு மடங்கு பலமான சிவப்பு விளக்கைப் போட்டால், நிறத்தால் கிடைத்த ஆதாயம் முழுவதையும் வெளிச்சத்தின் பலம் தின்றுவிடும். சிவப்பு விளக்கு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான், நானும் தவறியிருக்கிறேன். நிலவில்லாத ஓர் இரவில் ஒரு மணி நேரம் இருட்டில் இருந்தபின், வெறுங்கண்ணுக்கு ஆண்ட்ரோமெடா நீண்ட இலைபோலத் தெரிந்துகொண்டிருந்தது. தலையில் மாட்டியிருந்த ஹெட்லாம்பின் சிவப்பு விளக்கை முழு பலத்தில் போட்டு, வெள்ளைத் தாளில் அச்சிட்ட வரைபடத்தை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு நிமிடம்போலப் படித்தேன். அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த இலை சுருங்கி, நடுவில் ஒரு சிறு பஞ்சுப் பொட்டு மட்டுமே எஞ்சியிருந்தது. அதன் ஓரங்கள் திரும்பி வரும்வரை பல நிமிடங்கள் காத்திருக்க நேர்ந்தது. விளக்கின் நிறத்தை நம்பி அதன் பலத்தைக் கவனிக்காமல் விட்டதன் விலை அது.

இனி விளக்குகளுக்கு வருவோம். முதலாவது, வானியலுக்கென்றே செய்யப்படும், திருகி மங்கலாக்கக்கூடிய சிவப்பு டார்ச். இதில் வெள்ளை விளக்கே இருக்காது, அல்லது தனிப் பொத்தானில் இருக்கும். படிப்படியாக மாறும் பொத்தானைவிடத் திருகு மேலானது. ஏனெனில் திருகு அடியிலிருந்து தொடங்குகிறது, எழுத்து கண்ணுக்குப் பிடிபடும் அந்தப் புள்ளியில் நிறுத்திவிடலாம். வரைபடம் படிக்க ஒரு லூமெனுக்கும் (விளக்கு வெளியிடும் ஒளியை அளக்கும் அலகு) மிகக் குறைந்த ஒளியே போதும் என்பதைத் திருகு உள்ள விளக்கைப் பிடித்துப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வார்கள். வாங்கும்போது அலைநீளம் குறிப்பிட்டிருந்தால் அதையும் பாருங்கள். சாதாரண சிவப்பு எல்இடி 620 முதல் 635 நானோமீட்டர் வரை ஒளிர்கிறது. ஆழ்சிவப்பு எல்இடி 660ஐ ஒட்டி ஒளிர்கிறது. குச்சி செல்களின் பார்வையில் இவ்விரண்டுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு உண்டு. இதன் குறை ஒன்றே: ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால் அதுவும் பெரிய குறையாகத் தோன்றாது.

இரண்டாவது, சிவப்பு நிலையும் கொண்ட ஹெட்லாம்ப். முகாம் வேலைகளுக்கு இதைவிட வசதியானது எதுவும் இல்லை. கூடாரக் கயிறு கட்டவும் தொலைநோக்கியின் தாங்கியைப் பூட்டவும் இரண்டு கையும் வேண்டும். ஆனால் வாங்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் சோதிக்க வேண்டும்: அணைந்த நிலையிலிருந்து பொத்தானை அழுத்தினால் முதலில் வருவது எந்த விளக்கு? பல ஹெட்லாம்புகளில் வெள்ளையைக் கடந்துதான் சிவப்புக்குப் போக முடியும். நள்ளிரவில், குளிரில், கையுறையோடு அந்தப் பொத்தானைத் தேடும்போது நூற்றுக்கணக்கான லூமென் வெள்ளை ஒளி ஒரு நொடி வெடித்தால், உங்கள் கண்ணோடு பக்கத்தில் நிற்பவர்களின் கண்ணும் கெடும். நேராகச் சிவப்பில் தொடங்குவதும், கடைசியாக இருந்த நிலையை நினைவில் வைத்திருப்பதும், வெள்ளையைப் பூட்டிவைக்க வழி தருவதுமான மாதிரிகளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இன்னொரு சிக்கல், அது தலையில் இருப்பதாலேயே வருவது. பேசுபவரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது மனித இயல்பு. திரும்பும்போதெல்லாம் விளக்கு அவர் கண்ணில் நேராக விழும். நான் ஹெட்லாம்பை நெற்றியில் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தில் மாலைபோலப் போட்டு, விளக்கைத் தரையை நோக்கிச் சாய்த்துக்கொள்கிறேன். நடக்கவும் போதும், யாரையும் உறுத்தாது.

மூன்றாவது, வீட்டில் உள்ள வெள்ளை டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டுவது. அவசரத்துக்கு இது நல்ல வழிதான், ஆனால் தாள் ஒன்று போதாது. வெள்ளை எல்இடியின் ஒளி, 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியையும் அதன் மேல் பூசிய ஒளிரும் பூச்சு தரும் மஞ்சளையும் கலந்து உண்டாவது. மெல்லிய சிவப்புத் தாள் பார்வைக்குச் சிவப்பாகத் தெரிந்தாலும் நீலத்திலும் பச்சையிலும் ஒரு பங்கைக் கசியவிடும். குச்சி செல்கள் கூர்மையாக உணர்வது சரியாக அந்தக் கசிவைத்தான். கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய சிடி ஒன்று போதும். இருட்டறையில் டார்ச்சை சிடியின் பளபளப்பான பக்கத்தில் அடித்துச் சற்றே சாய்த்துப் பாருங்கள். ஒளி நிறங்களாகப் பிரிந்து விரியும். சிவப்புப் பட்டைக்கு அப்பால் பச்சையோ நீலமோ மங்கலாகவேனும் தெரிந்தால் இன்னொரு அடுக்கு ஒட்ட வேண்டும். பெரும்பாலும் மூன்று அடுக்கில் கசிவு அடங்கிவிடுகிறது. அடுக்கு கூடக் கூட விளக்கு மங்குவதும் நமக்கு வேண்டியதே.

நான்காவது தேர்வைத்தான் பலர் கருத்தில்கூடக் கொள்வதில்லை: மிக மங்கிய வெள்ளை. சிவப்பு விளக்குக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் வலுவானவை என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சிவப்பு ஒளியில் எல்லாம் சிவப்பும் கருப்புமாகிவிடுகிறது. நிறத்தால் வேறுபடுத்திய எதுவும் பயனற்றுப் போகிறது. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் அச்சிட்ட எழுத்தும் கோடும் அடியோடு மறைந்துவிடும். நிலப்படத்தின் பழுப்பு நிற உயரக்கோடுகள் கண்ணுக்குத் தப்பும். இவற்றைவிடக் கவலைக்குரியது இரத்தம்: கையில் கத்தி பட்டு வழிந்தாலும் சிவப்பு ஒளியில் அது தண்ணீர்போலவே தெரியும். மாத்திரைகளை நிறத்தால் அடையாளம் காண்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அடுத்து, வயது. கண்ணின் வில்லை சிவப்பு ஒளியை மற்ற நிறங்களைவிடச் சற்றுப் பின்னால் குவிக்கிறது. அதனால் சிவப்பில் கிட்டே வைத்துப் படிக்க, வில்லை கூடுதலாக உழைக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த உழைப்பு முடியாது. எழுத்து கலங்கும், அவர்கள் விளக்கின் பலத்தைக் கூட்டுவார்கள், கூட்டியதும் சிவப்பின் நன்மை போய்விடும். நீர்மூழ்கிக் கப்பல்களில் இரவுப் பணிக்கு நெடுங்காலம் சிவப்பு விளக்கே எரிந்தது. பின்னர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகள் மிகத் தாழ்ந்த வெள்ளை ஒளியைப் பரிந்துரைத்ததற்கு, சிவப்பில் வேலை செய்வதால் கண்ணுக்கு நேரும் சிரமமும் ஒரு காரணம்.

அப்படியானால் வெள்ளையே போதுமா? எழுத்து தெரியும் அதே அளவுக்கு இரண்டையும் இறக்கி வைத்து ஒப்பிட்டால், சிவப்பு குச்சி செல்களைக் குறைவாகவே கலைக்கிறது. பால்வீதியின் ஓரங்களைத் தேடுபவருக்கு அந்த வேறுபாடு பெரிது. ஆனால் திருகு இல்லாத பலமான சிவப்புக்கும் நிலவொளி அளவுக்கு இறக்கக்கூடிய வெள்ளைக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், நான் தயங்காமல் அந்த வெள்ளையை எடுப்பேன். முழு நிலவு தரும் ஒளி ஏறத்தாழ கால் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). பழகிய கண்ணுக்கு அதில் பெரிய எழுத்து படிக்கக் கிடைக்கும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் விளக்கு நல்ல இடைவழி: குச்சி செல்கள் அதை நூறில் ஆறேழு பங்கு உணர்கின்றன, படிப்பதோ சிவப்பைவிட எளிது. பச்சை விளக்கைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. குச்சி செல்களின் உச்சத்துக்கு மிக அருகில் விழும் ஒளியை விண்மீன் பார்க்கும் இடத்துக்குக் கொண்டு வருவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

கைப்பேசியை விளக்காக யாரும் நினைப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் இருட்டைக் கெடுத்ததில் முதலிடம் அதற்கே. விண்மீன் வரைபடச் செயலிகளில் சிவப்புத் திரை நிலை இருக்கும். அதை நம்பி இறங்கினால், ஒரு செய்தி வந்ததும் அறிவிப்புப் பட்டை வெள்ளையாக இறங்கும். தேடல் பெட்டியைத் தொட்டால் வெள்ளை விசைப்பலகை எழும். வேறு செயலிக்கு மாறினால் திரை முழுவதும் வெளுக்கும். எனவே செயலியின் அமைப்பை விட்டுக் கைப்பேசியின் அமைப்பிலேயே திரை முழுவதையும் சிவப்பாக்க வேண்டும். ஐபோனில் அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள வண்ண வடிகட்டியைச் சிவப்புச் சாயலுக்கு மாற்றி, பக்கவாட்டுப் பொத்தானை மும்முறை அழுத்தினால் வரும்படி வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டிலும் திரையை வழக்கமான எல்லைக்குக் கீழே மங்கலாக்கும் வசதி பல மாதிரிகளில் உண்டு. தூக்கத்துக்காகத் திரையை மஞ்சளாக்கும் இரவு நிலை இதற்குப் போதாது. அதில் நீலம் குறைகிறதே தவிரப் பச்சை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஓலெட் திரையில் கருப்பு என்பது முழுக் கருப்பு. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கருப்பிலும் ஒரு சாம்பல் ஒளி கசியும், அதற்கு மேலே சிவப்புத் தாள் ஒட்டுவதே தீர்வு. மடிக்கணினிக்கும் இதே விதி. கூடுமானால் அன்றைய வரைபடத்தைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய், கைப்பேசியைப் பையிலேயே விடுங்கள்.

விளக்கு எதுவானாலும் அதைச் சுற்றியுள்ள சில வெளிச்சங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார்க் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் பின்பெட்டி விளக்கையும் பகலிலேயே அணைத்து வையுங்கள். அணைக்க முடியாவிட்டால் சிவப்புத் தாளால் மூடுங்கள். தேவையானதை இருட்டும் முன்பே காரிலிருந்து இறக்கிவிடுங்கள். மெல்லிய துணிக் கூடாரத்துக்குள் வெள்ளை விளக்கு எரிந்தால் கூடாரம் முழுவதும் ஒரு பெரிய காகித விளக்காக ஒளிரும்; அந்த முகாமில் யாருக்கும் பால்வீதி தெளிவாகக் கிடைக்காது. நெடுநேர ஒளிப்படம் எடுப்பவர் அருகில் இருந்தால் சிவப்பு விளக்கும் தவறுதான். விண்வெளி வாயு மேகங்களான நெபுலாக்களின் ஹைட்ரஜன் ஒளி 656.3 நானோமீட்டரில், அதாவது ஆழ்சிவப்பிலேயே வருகிறது. அதைப் பிடிக்கக் காத்திருக்கும் கேமராவுக்கு உங்கள் டார்ச்சும் அதுவும் வேறல்ல. அவர் பக்கம் போகும் முன் விளக்கை அணைப்பதும், கேட்டுவிட்டுப் போடுவதும் மரியாதை.

வெள்ளை விளக்கே வேண்டிய நேரங்களும் உண்டு, அவற்றில் தயங்கக் கூடாது. தெரியாத பாதையில் நடக்கும்போதும், பாம்பு இருக்கக்கூடிய இடத்திலும், காயத்தைப் பார்க்கும்போதும், அடுப்பு மூட்டும்போதும், இறைச்சி வெந்ததா என்று பார்க்கும்போதும் சிவப்பு ஒளி ஏமாற்றும். கண் மறுபடி பழக அரை மணி ஆகும். பாம்பை மிதித்தால் இரவே போய்விடும். அருகில் இருப்பவர்களிடம் 'வெள்ளை விளக்கு போடுகிறேன்' என்று உரக்கச் சொல்லி, அவர்கள் கண்ணை மூடியபின் போடலாம். உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: இரண்டு கண்ணும் தனித்தனியே இருட்டுக்குப் பழகுபவை; ஆகவே ஒன்றை இறுக மூடிக்கொண்டு வேலையை முடித்தால், மூடியிருந்த கண் பெருமளவு பழகிய நிலையிலேயே இருக்கும். தொலைநோக்கியில் பார்க்கும் கண்ணை இப்படிக் காத்துக்கொள்ளலாம். பகலில் நெடுநேரம் கடும் வெயிலில் கண் கூசத் திரிந்தால் அன்றிரவு கண் பழகுவதும் தாமதமாகும் என்பதால், முகாமின் பகலில் குளிர்கண்ணாடி அணிவதும் இந்தக் கணக்கில் சேரும்.

நிலவையும் கோள்களையும் மட்டும் பார்க்கப் போகிறவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அவை போதிய வெளிச்சம் கொண்டவை, எந்த மங்கிய விளக்கும் போதும். மங்கிய விண்மீன் திரள்களையும் நெபுலாக்களையும் தேடித் தனியாகப் போகிறவருக்கு, திருகுள்ள ஆழ்சிவப்பு டார்ச் ஒன்று கழுத்திலும், சாதாரண வெள்ளை டார்ச் ஒன்று சட்டைப் பையிலும் இருப்பதே என் தேர்வு. பிள்ளைகளோடு போகிறவர்கள் எல்லோருக்கும் ஹெட்லாம்ப் வாங்கலாம், ஆனால் நேராகச் சிவப்பில் தொடங்குபவை மட்டும். பிள்ளைகள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். குழுவில் வெள்ளெழுத்து வந்தவர்கள் இருந்தால் மங்கிய மஞ்சள் விளக்கு ஒன்றும், எழுத்தைப் பெரிதாக அச்சிட்ட வரைபடமும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் வாங்க விரும்பாதவர்களுக்கு மூன்று அடுக்குச் சிவப்புத் தாளும் ஒரு ரப்பர் வளையமும் போதும்.

தேர்ந்தெடுத்த விளக்கைக் களத்தில் சோதிக்க நான் பின்பற்றும் முறை இது. கண் நன்றாகப் பழகியபின் ஆண்ட்ரோமெடாவை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்கள் இல்லை, மையத்திலிருந்து 15 முதல் 20 பாகை விலகிய இடத்தில்தான் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன. அந்த மங்கிய திட்டு இரு பக்கமும் எதுவரை நீள்கிறது என்பதை அருகிலுள்ள விண்மீன்களைக் கொண்டு மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போட்டு ஒரு நிமிடம் வரைபடத்தைப் படியுங்கள், அணைத்துவிட்டு மறுபடி அதே இடத்தைப் பாருங்கள். நீளம் குறையவில்லை என்றால் விளக்கு அப்படியே இருக்கட்டும். குறைந்திருந்தால் திருகை இன்னும் இறக்குங்கள், திருகு இல்லாவிட்டால் தாளில் இன்னோர் அடுக்கு சேர்த்து மீண்டும் பாருங்கள்.